கடல் கடந்த தேக்கு மண்டபம்

பிள்ளைகள் அமெரிக்காவில் பணிபுரிய, பேரக் குழந்தைகளைக் காண அங்கே சென்று சில மாதங்கள் தங்கித் திரும்பும் பெரியோர் இன்று நம் குடும்பங்களில் பலர் உள்ளனர். நியூயார்க் நகரைக் காணும் வாய்ப்புப் பெற்றவர்கள் சுதந்திர தேவி சிலையையும் வானளாவிய கட்டடங்களையும் கண்டு வந்து கதை கதையாகச் சொல்வர். அதே நகரின் ஐந்தாம் அவென்யூவில் உள்ள மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில், நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடைய ஒரு ஜினாலயத்தின் மர மண்டபம் இருக்கிறது என்பதை அறிந்து சென்று பார்த்தவர்கள் மிகச் சிலரே.

உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்த அரும்பொருள்கள் நிறைந்த இடம் அது. நைல் நதிக்கரையிலிருந்து கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவரப்பட்ட தெண்டூர் கோயில் அங்கே நிற்கிறது. டமாஸ்கஸ் நகரத்துச் செல்வர் வீடொன்றின் வரவேற்பறை அங்கே இருக்கிறது. அந்தக் கூட்டத்திற்கு நடுவே, தெற்காசியக் கலைப்பொருள்களுக்குரிய பகுதியில், தேக்கு மரத்தால் ஆன ஒரு குவிமாடம் நம் தலைக்கு மேலே தாமரை போல் விரிந்து நிற்கிறது. அதனைச் சுற்றிச் செதுக்கு வேலை நிறைந்த மாடப் பலகணிகளும் சுவர்ப் பகுதிகளும் உள்ளன. குஜராத்து மாநிலம் பாடண் நகரத்து வாடி பார்சுவநாதர் ஆலயத்தின் முன்மண்டபமே அது. அம்மண்டபம் எவ்வாறு பிறந்தது, எவ்வாறு அங்குப் போய்ச் சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பாடண் என்பது நாம் வழங்கும் ‘பட்டணம்’ என்னும் சொல்லின் உறவுச் சொல்லே. அணஹில்வாடப் பட்டணம் என்பது அந்நகரின் பழம்பெயர். நம் சட்டைப்பையில் உள்ள நூறு ரூபாய்ப் புதுத்தாளின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும் படிக்கிணறு, ‘ராணி கி வாவ்’, அந்த ஊரில்தான் உள்ளது. சோலங்கி அரசர்களின் தலைநகராக விளங்கிய அவ்வூரில் ஆசாரிய ஹேமசந்திரர் வாழ்ந்தார். அவர்பால் பேரன்பு கொண்ட குமாரபாலன் ஆண்டான். ஓலையிலும் தாளிலும் எழுதப்பட்ட சமண நூல்களைப் பாதுகாக்கும் அந்நகரத்து ஞான பண்டாரங்கள் ஆராய்ச்சி உலகில் புகழ் பெற்றவை. இரட்டை இக்கத் முறையில் நெய்யப்படும் பட்டோலாப் பட்டுக்கும் அதுவே தாயகம்.

தலைநகர் என்னும் பெருமை போன பின்னரும் பாடணில் சமண வணிகர் தங்கியிருந்தனர். நகை வணிகர் குடியிருந்த ஜவேரிவாடா என்னும் பகுதியில், கி.பி. 1594இல் தொடங்கி 1596இல் நிறைவுற்ற ஆலயமே வாடி பார்சுவநாதர் ஆலயம். கட்டியவர்கள் ஓசுவால் குலத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார். அவ்வாலயத்தின் கல்வெட்டை ஜார்ஜ் பியூலர் என்னும் அறிஞர் ‘எபிகிராஃபியா இண்டிகா’ முதல் தொகுதியில் பதிப்பித்துள்ளார். சுவேதாம்பர மரபில் கரதர கச்சம் எனப்படும் பிரிவின் ஆசாரியர் வரிசையை அது நெடுகச் சொல்கிறது. அக்காலத்து ஆசாரியர் ஜினசந்திர சூரி அக்பர் சக்கரவர்த்தியைச் சந்தித்து ‘யுகப்பிரதானர்’ என்னும் பட்டம் பெற்றதையும், ஆடித் திங்களில் எட்டு நாள் உயிர்க்கொலை கூடாது என்று அக்பர் ஆணையிட்டதையும், காம்பே வளைகுடாவில் ஓராண்டு மீன் பிடிக்கத் தடை விதிக்கப்பட்டதையும் அக்கல்வெட்டு குறிப்பிடுகிறது. ஹீரவிஜய சூரி 1583இல் ஃபதேபூர் சிக்ரிக்கு நடந்தே சென்று அக்பரைக் கண்டு கொல்லாமை அறத்தை எடுத்துரைத்ததற்குச் சில ஆண்டுகள் பின்னர் எழுந்த கோயில் இது. அரசின் நல்லெண்ணம் கிடைத்த காலத்தில், மனம் துணிந்து கட்டிய கோயில் என்று கொள்ளலாம்.

ஆயினும் அது வானுயர்ந்த கோபுரத்தோடு எழுந்த ஆலயம் அன்று. குஜராத்து நகரங்களில் அக்காலத்து ஜினாலயங்கள் பலவும் குறுகிய தெருக்களுக்குள், பக்கத்து வீடுகளோடு வீடாக ஒட்டி நின்றவை. தெருவிலிருந்து பார்த்தால் வணிகர் வீட்டு முகப்பு. உள்ளே கால் வைத்தால்தான் கோயில். கைத்திறம் முழுவதும் உட்புறத்தில் செலவிடப்பட்டது. மழையும் வெயிலும் படாத அந்த உட்புறத்திற்கு மரம் மிகவும் ஏற்றதாக இருந்தது. தெற்குக் குஜராத்தின் டாங்ஸ் காடுகளில் தேக்கு செழித்து வளர்ந்தது. எண்ணெய்ப் பசை கொண்ட தேக்கைக் கறையான் எளிதில் தீண்டுவதில்லை; உளிக்கும் அது இணங்கும்.

நம் பக்கத்து ஜினாலயங்களில் மரம் என்றால் தேரும் வாகனமும் கதவுமே நினைவுக்கு வரும். மண்டபம் என்றால் கல்தான். பாடண் மண்டபத்திலோ தூணுக்கு மேலுள்ள உத்தரமும், உத்தரத்தைத் தாங்கும் கட்டைகளும், அவற்றின் மேல் வட்டம் வட்டமாகக் குறுகிச் செல்லும் குவிமாடமும், நடுவே தொங்கும் தாமரையும் எல்லாம் மரம். இசைக்கருவி மீட்டுவோரும் ஆடல் மகளிரும் குவிமாடத்தில் இடம் பெற்றுள்ளனர். எண்திசைக் காவலர் தத்தம் திசையில் அமர்ந்துள்ளனர். மரம் முழுவதும் ஒரு காலத்தில் வண்ணம் தீட்டப்பட்டிருந்தது.

அருங்காட்சியகத்தார் இதற்கு ‘சமணர் கூட்ட மண்டபம்’ என்று பொருள்படும் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். அப்பெயரைப் படிப்பவர், சங்கத்தார் கூடி வரவு செலவு பேசிய இடம் என்று எண்ணிவிடக் கூடும். கருவறைக்கு முன்னே நின்று அடியார்கள் பகவானைத் தரிசித்த, பாடிப் பரவிய இடமே அது. கூரையில் இசைவாணர் ஏன் செதுக்கப்பட்டனர் என்பது அப்போதுதான் விளங்கும். திருப்பருத்திக்குன்றத்தில் விசயநகரத் தண்டநாயகர் இருகப்பர் 1387–88இல் எடுத்த மண்டபத்துக்குச் சங்கீத மண்டபம் என்றே பெயர் வழங்குவதை நம் அன்பர்கள் அறிவர். திகம்பரர், சுவேதாம்பரர் என மரபு வேறு. கல், மரம் எனப் பொருள் வேறு. இறைவன் திருமுன் இசைக்கு ஓரிடம் வேண்டும் என்ற எண்ணம் ஒன்றே.

இங்கே ஒரு பழங்கதையைச் சொல்லியாக வேண்டும். மேருதுங்கர் என்னும் சமண ஆசாரியர் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய ‘பிரபந்த சிந்தாமணி’யில் அது வருகிறது. குமாரபாலனின் அமைச்சர் உதயணர் போருக்குச் செல்லும் வழியில் சத்ருஞ்சய மலை ஏறி ஆதிநாதரை வழிபட்டார். அக்காலத்தில் அங்கிருந்த ஆலயம் மரத்தால் ஆனது. அவர் வழிபட்டுக்கொண்டிருக்கையில் ஓர் எலி, விளக்கில் எரிந்துகொண்டிருந்த திரியைக் கவ்விக்கொண்டு பொந்துக்குள் ஓடிற்று. அருகிலிருந்தோர் அதனை விரட்டித் திரியை விடுவித்தனர். ஆனால் உதயணரின் உள்ளம் நடுங்கிற்று. இந்த மரக்கோயில் ஒருநாள் தீக்கிரையாகுமே, இதைக் கல்லால் எடுத்துக் கட்டும் வரை ஓய்வதில்லை என்று நோன்பு பூண்டார். போரில் அவர் படுகாயமுற்றார். உயிர் பிரியும் நேரத்திலும் அந்தச் சொல் நிறைவேறவில்லையே என்று வருந்தினார். அவர் மகன் வாக்படர் தந்தையின் சொல்லைத் தலைமேற்கொண்டு பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல் ஆலயத்தை எழுப்பினார்.

கதை அத்துடன் முடியவில்லை. ஆலயம் நிறைவுற்ற செய்தியைக் கொண்டுவந்தவனுக்கு வாக்படர் பரிசு அளித்தார். சிறிது காலத்தில் இன்னொருவன் வந்து, கட்டடம் பிளந்துவிட்டது என்றான். அவனுக்கு முன்னவனைவிட இரட்டிப்புப் பரிசு கிடைத்தது. உடனிருந்தோர் வியந்து வினவ, ‘நான் உயிரோடிருக்கும்போதே பிளந்தது நல்லதாயிற்று, மீண்டும் கட்டுவேன்’ என்னும் கருத்தில் விடையளித்தாராம்.

இந்தக் கதையைச் சிறுவயதில் கேட்டவர்களுக்குப் பழைய ஆலயத்தைப் புதுப்பிப்பது எத்துணைப் பெரிய புண்ணியம் என்பது எலும்பில் ஊறிய உணர்வாகவே இருந்திருக்கும். வடமொழியில் ‘சீர்ணோத்தாரம்’ என்பர். நாம் திருப்பணி என்கிறோம். புதிதாக ஒன்று கட்டுவதினும் பழுதுற்ற ஒன்றை எடுத்துக் கட்டுவது பன்மடங்கு நன்று என்பது நம் முன்னோர் கொள்கை. மரத்தை எடுத்துவிட்டுக் கல்லை வைப்பது அக்கொள்கையின் மிக உயர்ந்த செயல். புதுப்பிக்கும்போது கழற்றிய பழைய மரம் எங்கே போகும் என்ற கேள்விக்குக் கதையில் இடமில்லை. பல நூற்றாண்டுகளாக அக்கேள்வியை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்க வேண்டிய தேவையும் எழவில்லை. பழைய மரத்தை விரும்பி வாங்கும் ஒருவர் வந்த பின்னரே அது கேள்வியாயிற்று.

அவ்வாறு வாங்குவோர் எங்கிருந்து வந்தனர் என்பதைச் சுருக்கமாகக் காண்போம். அயல்நாட்டு விந்தைப் பொருள்களைத் திரட்டி ஓர் அறையில் அடுக்கி வைத்து விருந்தினருக்குக் காட்டும் வழக்கம் பதினாறாம் நூற்றாண்டு முதல் ஐரோப்பியச் செல்வரிடையே வளர்ந்தது. சங்கு, முதலைத் தோல், தந்தப் பேழை, சீனப் பீங்கான், அமெரிக்கப் பழங்குடியினர் ஆடை யாவும் ஒரே அறையில் கிடக்கும். அத்தகைய அறைகளே வளர்ந்து பொது அருங்காட்சியகங்கள் ஆயின. ஹான்ஸ் ஸ்லோன் என்னும் மருத்துவர் திரட்டிய எழுபத்தோராயிரம் பொருள்களே 1759இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அடித்தளம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பலும் உலகக் கண்காட்சிகளும் இந்த ஆசையை நடுத்தரச் செல்வர் வீடு வரை கொண்டு சேர்த்தன. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்த பின் இரும்பாலும் இருப்புப்பாதையாலும் பெருஞ்செல்வம் ஈட்டியவர்கள், பாரசீகக் கம்பளமும் சப்பானிய அரக்குப் பேழையும் கெய்ரோ நகரத்துப் பலகணியும் இல்லாத வரவேற்பறையை வரவேற்பறை என்றே கருதவில்லை.

அந்தச் சூழலில் வளர்ந்தவர் லாக்வுட் டி ஃபாரஸ்ட். 1850இல் நியூயார்க்கில் பிறந்தவர், நிலக்காட்சி ஓவியர். எகிப்திலும் சிரியாவிலும் சுற்றி ஓவியம் தீட்டியபோதே அங்குள்ள பழைய ஓடுகளையும் மரவேலையையும் வாங்கத் தொடங்கினார். கண்ணாடி ஓவியக் கலைஞர் லூயி கம்ஃபர்ட் டிஃபனி முதலியோருடன் சேர்ந்து, செல்வர் வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்யும் நிறுவனமொன்றில் பங்கு கொண்டார். 1880ஆம் ஆண்டின் இறுதியில் திருமணம் முடித்து, மனைவி மெட்டாவுடன் தேனிலவுப் பயணமாக இந்தியாவுக்குப் புறப்பட்டார். நிறுவனத்திற்குத் தேவையான துணியும் மரச்சாமானும் தேடுவதும் பயணத்தின் நோக்கம்.

அவர் அகமதாபாத்துக்கு வந்தபோது கண்டது ஓர் அவலநிலை. அந்நகரத்தின் பழைய தெருக்களில் ஒவ்வொரு வீட்டு முகப்பும் தேக்குச் சிற்பமாக இருந்தது. ஆனால் புதிதாகச் செதுக்கச் சொல்வோர் குறைந்துவிட்டனர். வசதி படைத்தவர்கள் ஆங்கிலேய முறை நாற்காலி மேசைகளை நாடினர். சுதார் எனப்படும் தச்சர்களில் கைத்திறம் மிக்க மேஸ்திரிகள் தக்க பணி இன்றி இருந்தனர்.

அங்கே அவருக்கு மகன்பாய் ஹட்டீசிங் என்னும் சமண வணிகரின் நட்புக் கிடைத்தது. அகமதாபாத்தில் தில்லி வாயிலுக்கு வெளியே தருமநாதருக்கு எடுக்கப்பட்ட வெண்பளிங்கு ஆலயத்தை யாத்திரை சென்ற நம்மவர் பலர் கண்டிருப்பர். சேட் ஹட்டீசிங் கேசரிசிங் தொடங்கி, இடையில் அவர் மறைந்துவிட, மனைவியார் ஹர்குன்வர் அம்மையார் தாமே மேற்பார்த்து 1848இல் நிறைவேற்றிய ஆலயம் அது. ஐம்பத்திரண்டு சிற்றாலயங்கள் சூழ்ந்தது. கணவரை இழந்த ஒரு பெண்மணி, அந்தக் காலத்தில், அத்தனை பெரிய திருப்பணியைத் தம் தோளில் சுமந்து முடித்தார் என்பது தனிக் கட்டுரைக்குரிய செய்தி. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவரே மகன்பாய். அவரும் டி ஃபாரஸ்டும் சேர்ந்து 1881இல் அகமதாபாத் மரச்செதுக்குப் பட்டறையைத் தொடங்கினர். ஒருவர் வடிவமும் அமெரிக்கச் சந்தையும் தந்தார். மற்றவர் ஆளும் மரமும் மேற்பார்வையும் தந்தார்.

இந்தப் பட்டறையின் கதைதான் எனக்கு மிகவும் சுவையானதாகத் தோன்றுகிறது. பழையதை அப்படியே பெயர்த்துக்கொண்டு போவதற்குப் பதிலாக, பழைய வடிவங்களைப் புதிதாகச் செய்யச் சொன்னது அது. ஆலயத்து விதானத்திலும் வீட்டு முகப்பிலும் இருந்த கொடியும் மலரும் அன்னமும் பலகைகளில் மீண்டும் செதுக்கப்பட்டன. குஜராத்து வீடுகளில் இல்லாத கணப்படுப்புக்கு முகப்புச் சட்டம் செய்யும்படி அந்த மேஸ்திரிகளுக்கு ஆணை வந்தது! குளிர்நாட்டு வீட்டில் நெருப்பு எரியும் மாடத்தைச் சுற்றி, ஜினாலய வாயிலுக்குரிய கொடிப்பாளைகளை அவர்கள் செதுக்கினர். நகரத்துச் சீதி சையத் பள்ளிவாசலில் 1572–73இல் அமைந்த கற்பலகணிகள் உலகப் புகழ் பெற்றவை. மரமொன்று கிளைவிட்டுப் பின்னுவது போன்ற அவற்றின் வடிவத்தைப் பித்தளைத் தகட்டில் அறுத்தெடுக்கவும் பட்டறை கற்றுக்கொண்டது. பள்ளிவாசலின் வடிவம், சமணரின் பட்டறை, தச்சரின் கை, கிறித்தவரின் வீடு! அகமதாபாத் என்னும் நகரின் இயல்பு அது.

டி ஃபாரஸ்ட் இந்தியாவில் ஏறத்தாழ ஈராண்டு சுற்றினார். லாகூர் மேயோ கலைப்பள்ளியின் தலைவரும் எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங்கின் தந்தையுமான ஜான் லாக்வுட் கிப்ளிங் அவருக்கு நண்பரானார். ஊர் திரும்பிய பின் 1885இல் இந்திய வீட்டுக் கட்டடக்கலை குறித்து ஒரு படநூல் வெளியிட்டார். 1887இல் நியூயார்க்கில், கிழக்குப் பத்தாம் தெரு 7ஆம் எண்ணில், தம் வீட்டைக் கட்டினார். அதன் செங்கல் முகப்பிலிருந்து அகமதாபாத்துத் தேக்கு மாடப்பலகணி ஒன்று வெளியே நீண்டு நிற்கிறது. நியூயார்க்கின் பனியையும் புகையையும் தாங்கி இன்றும் அது நிற்கிறது. வீடு இப்போது நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வசம் உள்ளது. எஃகு மன்னர் ஆண்ட்ரு கார்னெகியின் மாளிகையில் அவர் அமைத்த தேக்கு நூலக அறையும், கூப்பர் ஹியூவிட் அருங்காட்சியகமாக அம்மாளிகை மாறிய பின்னரும், அழியாமல் இருக்கிறது. பிரின் மார் மகளிர் கல்லூரியிலும் அவர் கைவண்ணம் உண்டு.

இதில் ஒரு காலக்கணக்கு கவனிக்கத் தக்கது. வீர்சந்த் ராகவ்ஜி காந்தி சிகாகோ சர்வ சமயப் பேரவையில் நின்று சமண நெறியை அமெரிக்கருக்கு எடுத்துரைத்தது 1893இல். கடற்பயணம் துறவு நெறிக்கு ஒவ்வாது என்பதால் ஆசாரியர் ஆத்மாராம்ஜி தாம் செல்லாமல் இந்த இல்லற அறிஞரை அனுப்பினார். அவர் போய்ச் சேர்வதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே சமண ஆலயத்தின் கொடியும் தாமரையும் அந்நாட்டுச் செல்வர் வீடுகளில் குடியேறிவிட்டன. அவற்றைத் தினமும் பார்த்தவர்களுக்கு அது யாருடைய தாமரை என்பது தெரிந்திராது. நெறிக்கு முன்னே அதன் அணிகலன் போய்விட்டது.

பட்டறை ஓட ஓட, டி ஃபாரஸ்ட் பழம்பொருளையும் வாங்கிக்கொண்டே இருந்தார். புதிய கைவேலை, பழைய மரம் இரண்டும் ஒரே பாதையில், ஒரே கப்பலில் சென்றன. பாடண் ஆலயத்தின் மர மண்டபம் சிறப்புடையது என்பது அப்போதே அறிஞருக்குத் தெரிந்திருந்தது. தொல்லியல் துறையின் ஜேம்ஸ் பர்ஜஸ், ஹென்றி கசின்ஸ் இருவரும் வட குஜராத்துக் கட்டடங்களைப் பற்றி 1903இல் வெளியிட்ட நூலில் அதனை விவரித்துள்ளனர். ஆனால் ஆலயத்தாருக்கு அது அறிஞர் போற்றும் தொல்பொருள் அன்று; மூன்று நூற்றாண்டு வாழ்ந்து கிழடு தட்டிய மரம். ஆலயம் புதுப்பிக்கப்பட்டது. பழைய மரம் கழற்றப்பட்டது; டி ஃபாரஸ்ட் கைக்கு வந்து சேர்ந்தது.

அமெரிக்காவில் இந்திய மரவேலை மீதான ஆசை 1900க்குப் பின் தணியலாயிற்று. வெள்ளைச் சுவரும் எளிய கோடும் புது நாகரிகமாயின. டி ஃபாரஸ்ட் 1908இல் தம் வணிகத்தை டிஃபனி நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். பின்னர்க் கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் குடியேறி, மீண்டும் ஓவியம் தீட்டி, 1932இல் மறைந்தார். அவருடைய தமையனார் ராபர்ட் டி ஃபாரஸ்ட் 1913 முதல் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தார். 1916இல் சகோதரர் இருவர் பெயராலும் பாடண் மண்டபம் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக வழங்கப்பட்டது. 1994இல் திறக்கப்பட்ட தெற்கு, தென்கிழக்கு ஆசியக் கலைக்கூடங்களில் அது இப்போது காட்சி தருகிறது.

இவ்வரலாற்றைக் கேட்டவுடன் நம்மில் பலருக்குச் சினம் எழுவது இயல்பு. ஆலயத்துப் பொருள் அயலார் கையில் இருக்கிறதே என்று நெஞ்சு பதறும். எனக்கும் முதலில் அவ்வாறே தோன்றிற்று. இந்தியாவிலிருந்து களவாகவும் வன்முறையாலும் போன திருமேனிகள் எத்தனையோ உண்டு. அவற்றை மீட்கப் போராடுவது கடமை. பாடண் மண்டபத்தை அந்த வரிசையில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. அதை இறக்கியது நம்மவர் பக்தி. மூலவர் போகவில்லை, பார்சுவநாதர் பாடணிலேயே இருக்கிறார். உதயணரின் கதை கற்பித்த பாடத்தை ஆலயத்தார் வழுவாது கடைப்பிடித்தனர். மறுபுறம், டி ஃபாரஸ்ட் வாங்கியிராவிட்டால் அம்மரம் என்னவாகியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்நாளில் இடிக்கப்பட்ட குஜராத்து வீடுகளின் தூணும் கதவும் அடுப்புக்கும் விறகுக்கடைக்கும் போனவை கணக்கில்லை.

இருந்தும் முழு நிறைவு இல்லை. வாங்கியவர் காத்தார் என்பது மெய்யே. வாங்க ஆள் இருந்ததால்தான் கழற்றியவர்க்கு அதை விற்பது எளிதாயிற்று என்பதும் மெய்யே. வணிகத்தில் கைதேர்ந்த ஒரு சமூகம், தன் முன்னோர் கைத்திறத்துக்கு அயல்நாட்டில் நல்ல விலை உண்டு என்று கண்டது. அந்த விலை, தன் ஊரிலேயே அதைக் காப்பதற்கான காரணமாக அதற்குத் தோன்றவில்லை. புதிய பளிங்கைக் கொண்டுவந்தபோது பழைய விதானத்தை வேறொரு மண்டபத்தில் ஏற்றி வைத்திருக்கலாம். அவ்வாறு செய்யாததற்காக அவர்களைக் குறை சொல்ல நமக்குத் தகுதி உண்டா என்பதும் ஐயமே. நம் ஊர் ஆலயங்களில் திருப்பணி என்ற பெயரில் பழைய சுதையின் மேல் பளபளக்கும் வண்ணம் பூசியதையும், தேய்ந்த பழங்கற்படியைப் பெயர்த்து வழவழப்பான புதுக்கல் பதித்ததையும், பெயர்த்த கல் எங்கே போயிற்று என்று கேட்காததையும் நாம் ஒவ்வொருவரும் பார்த்திருக்கிறோம். நான் பார்த்திருக்கிறேன், வாய் திறந்து கேட்டதில்லை. நன்கொடைப் பட்டியலில் என் பெயரும் இருந்தது.

பாடண் செல்லும் வழிபாட்டினர் இன்றும் வாடி பார்சுவநாதரைத் தரிசிக்கின்றனர். நியூயார்க் மண்டபத்தில் கருவறை இல்லை. குவிமாடத்தின் கீழ் நின்று எதிரே நோக்கினால் காணக் கிடைப்பது மற்றொரு காட்சிக்கூடம். ஆகையால் அங்கு வருவோர் அனைவரும் மேலேயே பார்க்கின்றனர். கழுத்து வலிக்கும் வரை பார்க்கின்றனர். பாடணில் அதன் கீழே நின்றவர்கள் நேர் எதிரே பார்த்திருப்பர். மேலே இருந்த இசைவாணர்களை எப்போதாவதுதான் கண்டிருப்பர்.

அங்கே செல்லும் வாய்ப்புப் பெறும் அன்பர்கள் அவசரப்படாமல் ஓரிடத்தில் சிறிது நேரம் நிற்க வேண்டும். கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிய பின், தேக்கின் பழுப்பு நிறத்துக்குள், ஆடல் மகளிரின் ஆடை மடிப்பிலும் இலைகளின் அடியிலும், உளி ஆழப் பதிந்த குழிவுகளில் பழைய வண்ணம் ஆங்காங்கே ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும்.